நானுஓயா ஏற்றத்தில் நின்ற பிக்கப்

சித்தப்பா ஓட்டிய பிக்கப்புக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருந்த மரியாதை சித்தப்பாவுக்கு இருந்ததில்லை. அது ஹட்டன் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு முதலாளியின் வண்டி. உலக யுத்தத்துக்கு முன்னால் யாரோ ஒரு துரை வாங்கி, ஓட்டிச் சலித்து, விற்று, வாங்கியவரும் சலித்து, கடைசியில் தோட்டங்களுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போகிற நிலைமைக்கு வந்து சேர்ந்திருந்தது. இஞ்சின் மூடிக்கு நடுவில் நீளமாகக் கீல் போட்டிருக்கும். புத்தகம் மாதிரி இரண்டு பக்கமும் திறக்கலாம். அந்த வயதில் நான் ஆசையோடு திறந்து பார்த்த புத்தகம் அது ஒன்றுதான். வாத்தியாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

சனிக்கிழமை சாயந்திரம் கடை வேலை முடிந்ததும் சித்தப்பா வண்டியை லயத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை அதற்குப் பொட்டு வைப்பாள். ஆயுத பூசையன்று தொடங்கிய பழக்கம் அது. அன்றைக்கு அத்தை முன் விளக்குகளுக்கும் சக்கரங்களுக்கும் சந்தனம் வைத்து முடித்ததும், சித்தப்பா பெருமை தாங்காமல் இஞ்சின் மூடியைத் திறந்து, “அக்கா, வேலை செய்றவனெல்லாம் உள்ள இருக்கான். அவனுக்கு வைக்காம வெளிய நிக்கிறவனுக்கு வச்சு என்ன பண்ண” என்றார். உள்ளே நாலு பிளக்குகள் வெள்ளைப் பீங்கான் உடம்போடு வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அத்தை திருநீறைக் குழைத்து நாலுக்கும் பட்டை போட்டு, மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கோயிலுக்குப் போகத் தயாரான நாலு தாத்தாமார் மாதிரி இருந்தன. அதற்குப் பிறகு ஞாயிறுக்கு ஞாயிறு பழையதற்கு மேலேயே புதுசு விழுந்துகொண்டிருந்தது.

அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. சித்தப்பா தவழ்கிற வயதில் அவர்களுடைய அம்மா போய்விட்டதால், சித்தப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது அத்தைதான். அப்போது அவளே சின்னப் பிள்ளை. சித்தப்பா ரொம்பப் பேசினால், “என் இடுப்புல இருந்த தழும்பு இன்னும் போகல, நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா” என்பாள். சித்தப்பா அடங்கிவிடுவார். தோட்டத்தில் வேறு யார் சொல்லுக்கும் அவர் அடங்கியதாக எனக்கு நினைவில்லை.

அத்தைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது என்பது அப்பாவின் கவலை. கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கியதும் அந்தக் கவலையைத் தொடங்குவார். அந்த வருஷம் அதற்கு ஒரு முடிவு வந்தது. வலப்பனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு கணக்கப்பிள்ளை. சம்சாரம் இறந்துவிட்டது. சொந்தமாக ஒரு மாட்டுப் பட்டி, தனி வீடு. மூத்த மகளுக்கே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் தனக்கும் ஒரு ஏற்பாடு நடந்துவிட்டால் நல்லது என்று நினைத்திருக்கிறார்.

“காலம் பூரா கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கிட்டு அட்டைக் கடியில நிக்காம, வீட்டோட இருக்கலாம்ல” என்றார் அப்பா.

“அண்ணே, மாப்பிள்ளை சிரிச்சா பல்லு கழண்டு தனியா சிரிக்குமாமே. நம்ம கடைக்கு வர்ற அந்தப் பக்கத்து ஆளுங்க சொன்னாங்க” என்றார் சித்தப்பா.

“ஒனக்கு வாய்தான் தனியா ஓடுது.”

இப்படி ஏதாவது நடந்தால் முதலில் சிரிக்கிறவள் அத்தைதான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அடுப்பில் விறகு சரியாக எரியவில்லை போலிருக்கிறது, அதையே தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அத்தையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக எத்தனை சீப்பு வாழைப்பழம் போதும் என்று அம்மா கேட்டாள்.

பெண் வீட்டுக்காரர்கள் போய், மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, பிடித்திருந்தால் அங்கே சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் அடிதடிதான். முதலாளியிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிக்கப்பில் போவதென்று முடிவானது. அப்பாவும் சித்தப்பாவும் போக வேண்டும். நானும் வருவேன் என்று தரையில் விழுந்து புரண்டதில் என்னையும் சேர்த்தார்கள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாதே என்று அம்மா சொன்னாள். சின்னப் பிள்ளை கணக்கில் சேராது என்று அப்பா தீர்ப்பு வழங்கினார். பலகாரத் தட்டிலும் என்னைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு.

விடிந்தும் விடியாமலும் புறப்பட்டோம். ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரைக்கும் வண்டி பூனை மாதிரிப் போனது. அங்கிருந்து நானுஓயாவுக்கு ஏறத் தொடங்கியதும் பனி மூடிக்கொண்டது. கூடவே தூறல். பாதி ஏற்றத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பிறகு நடுங்கியது. விக்கல் எடுத்தவன் தண்ணீர் கிடைக்காமல் படுகிற பாடு. சித்தப்பா கியரை மாற்றிப் பார்த்தார், ஏதோ திட்டிப் பார்த்தார். ஒரு வளைவில் சின்ன முனியாண்டி கோயில் ஒன்று இருக்கிறது. சரியாக அதன் முன்னால் வண்டி நின்றது. அப்பா இறங்கி முனியாண்டியைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து, “திருப்பு” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மடியில் ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு ஏறினார். தேங்காயோடு சேர்த்து நாங்கள் நாலு பேராம். வண்டி அதே ஏற்றத்தில், அதே பனியில், அதே தூறலில், அதே முனியாண்டி முன்னால் நின்றது. அப்பா தேங்காயை அவருக்கே உடைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, “முனியாண்டி ரெண்டு தடவை சொல்லியாச்சு. இந்த எடம் வேணாம்னு இருக்கு” என்றார்.

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மாப்பிள்ளை மேல் அவருக்கு ஒரு அக்கறையும் கிடையாது. வண்டியைப் பற்றிப் பேசியதுதான் பிடிக்கவில்லை.

“சகுனமாவது ஒண்ணாவது. இஞ்சினு மிஸ் அடிக்குது அண்ணே. இவனுக்கு என்னமோ கோளாறு. கொண்டுபோய்க் காட்டினா தெரிஞ்சிடும்.”

“மத்த நாளெல்லாம் அரிசி மூட்டையோட ஓடுதுல்ல. மாப்பிள்ளை வீட்டுக்குப் போறப்ப மட்டும் என்ன கோளாறு?”

சித்தப்பா தலையைச் சொறிந்தார். அதுவும் உண்மைதான். கடைக்குத் திரும்பியதும் வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கடைசியில், மெக்கானிக் பாஸிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்வோம் என்று அப்பா ஒத்துக்கொண்டார். கோளாறு வண்டியில் என்றால் கல்யாணப் பேச்சு நடக்கும். வண்டியில் கோளாறு இல்லை என்றால் கோளாறு கல்யாணத்தில். அத்தையின் கல்யாணம் இப்படியாக ஒரு கராஜுக்குப் போனது.

போகும்போது அத்தை தன்னுடைய கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டாள். மழையில் கொழுந்து பறிக்கும்போது தலையோடு போர்த்திக்கொள்கிற கறுப்புக் கம்பளி. “மருமகனே, அங்க என்ன செய்றாங்க, ஏது செய்றாங்கன்னு நல்லா பாத்துட்டு வரணும். வந்து எனக்குச் சொல்லணும்” என்றாள். பள்ளிக்கூடம் இல்லாமல் கராஜுக்குப் போவதென்றால் நான் எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு வருவேன்.

பாஸ் சிங்களவர். பெரிய தொப்பை. ஹட்டனுக்கு வெளியே தகரக் கொட்டகையில் வண்டி பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிலும் சந்தேகம் என்பதே கிடையாது. ஒவ்வொரு தடவையும் உறுதியாகச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் வேறு ஒன்றைச் சொல்வார்.

முதலில், “பெட்ரோல்ல தண்ணி. வேற ஒண்ணும் இல்ல” என்றார். பெட்ரோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்குமாம். நிற்கவில்லை. அடுத்து, பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கு வைக்கிற மூடியைக் கழற்றி, “இதுக்குள்ள கரி. நான் அப்பவே நெனச்சேன்” என்றார். அதற்குள்ளே கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அவர் அதைப் பார்த்துக் கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு வண்டியைக் கிளப்பிவிட்டு, இஞ்சின் மேல் காதை வைத்துக் கேட்டார். தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஓடியது.

“தம்பி, வண்டிக்கு நோய் இல்ல. ஓட்டுறவனுக்குத்தான் நோய்.”

சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. “ஏத்தத்துல நிக்குது பாஸ். சத்தியமா நிக்குது. ரெண்டு தடவை நின்னுச்சு. நீங்க இப்படிச் சொன்னா எங்கண்ணன் சகுனம்னுதான் சொல்லுவாரு.”

“சகுனத்துக்கு நான் சாமான் வச்சிருக்க இல்ல” என்று பாஸ் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்படியே திரும்பியிருப்போம். பின்னேர மழைதான் பிடித்து நிறுத்தியது. கொட்டகைத் தகரத்தில் ஓட்டைக்குப் பஞ்சம் இல்லை. திறந்திருந்த இஞ்சின் மேல் ஒழுக்கு விழுவதைக் கண்டதும் சித்தப்பா ஓடிப்போய் மூடினார். மூடியும் பிரயோசனம் இல்லை. நடுக் கீல் வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. மழை விட்டதும் போகலாம் என்று சித்தப்பா வண்டியைக் கிளப்பினார். நானுஓயா நடுக்கம் அப்படியே வந்தது.

பாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் திரும்ப வந்ததைப் பார்த்த டாக்டர் மாதிரி அவருக்கு ஒரு சந்தோஷம். மரப்பிடி போட்ட நீளமான திருப்புளியை எடுத்தார். அதன் தண்டை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்து, நுனியை இஞ்சின் இரும்பில் தொட வைத்தார். அப்படித் தொட்டால் அந்தப் பிளக்குக்குக் கரண்ட் போகாது. வேலை செய்கிற பிளக்கின் வாயைப் பொத்தினால் இஞ்சின் சத்தம் இன்னும் தொங்கிப்போகும். ஏற்கெனவே வேலை செய்யாததைப் பொத்தினால் ஒரு மாற்றமும் இருக்காது. முதலாவதைத் தொட்டார், சத்தம் தொங்கியது. கடைசியைத் தொட்டார், வண்டி நின்றுபோகப் பார்த்தது. நடுவில் இருந்த இரண்டையும் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

“நடுவுல ரெண்டும் பெரட்டுக்கு வந்து பேரைக் குடுத்துட்டுத் தூங்குற ஆளுங்க” என்றார் சித்தப்பா. காலையில் பெயர் பதிந்துவிட்டு மரத்தடியில் ஒதுங்குகிறவர்களைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். அவரைத் தோட்ட வேலையிலிருந்து நிறுத்தியதே அதற்குத்தான்.

பாஸ் நடுப் பிளக்கு ஒன்றைக் கழற்றி, வயரோடு வெளியே பிடித்துக்கொண்டு, இஞ்சினைச் சுற்றச் சொன்னார். அடியில் பளிச்சென்று நீலப் பொறி அடித்தது. நல்ல பிளக்கு. திரும்ப உள்ளே போட்டார். வேலை செய்யவில்லை.

“வெளிய வச்சா நல்ல பிள்ளை. உள்ள போனா செத்துப்போறான்” என்று பாஸ் முதல் தடவையாக யோசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னையல்ல, கம்பளியைப் பார்த்தார். “அதைக் குடு.”

வண்டி ஓடிக்கொண்டிருக்க, அத்தையின் கம்பளியை இஞ்சின் மேல் கூடாரம் மாதிரி விரித்தார். பகலுக்குள்ளே ஒரு சின்ன இருட்டு உண்டாயிற்று. பாஸ் தலையை நுழைத்தார். சித்தப்பாவும் நுழைத்தார். என் கம்பளிக்குள் எனக்கு இல்லாத இடமா என்று நானும் நுழைத்தேன். ஆட்டு ரோம நாற்றம், பெட்ரோல் நாற்றம், பாஸின் வெற்றிலை நாற்றம். மூன்று தலைகளும் முட்டிக்கொண்டு உள்ளே பார்த்தோம்.

நடுப் பிளக்கின் தலையிலிருந்து ஒரு நீல நூல் இறங்கியது. பீங்கான் உடம்பின் மேலேயே நெளிந்து நெளிந்து, பட்டை பட்டையாகப் போய், கீழே இரும்பைத் தொட்டது. உள்ளே போய் வெடிக்க வேண்டிய பொறி வெளியிலேயே சறுக்கு மரம் விளையாடிக்கொண்டிருந்தது.

பாஸ் வண்டியை நிறுத்திவிட்டு, அந்தப் பிளக்கை விரல் நகத்தால் சுரண்டினார். மண் மாதிரி ஈரமாக வந்தது.

“மே மொனவத?” என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “திருநீறு. மேல சந்தனம்” என்றார்.

“பிளக்குக்கா?”

“ஆயுத பூசைக்கு வச்சது. அப்புறம் ஞாயித்துக்கிழமை, ஞாயித்துக்கிழமை.”

 பாஸ் கையெடுத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெட்ரோல் நனைத்த துணியால் நாலு பிளக்கையும் துடைத்தார். காய்ந்திருந்தால் குற்றமில்லையாம். நனைந்தால் கரண்டுக்கு அது நல்ல பாதையாகிவிடுமாம். ஏற்றத்தில் உள்ளே பொறி அடிப்பது கஷ்டம், அதனால் வெளிப்பாதை சுலபம் என்று அது அப்படியே போய்விடுமாம். இதைச் சொல்லும்போது, ஆரம்பத்திலிருந்தே அவருக்கு இது தெரியும் என்கிற மாதிரிதான் சொன்னார். வண்டியைக் கிளப்பினார்கள். பழைய தாலாட்டு.

“லைட்டுக்கு வை, டயருக்கு வை, வேணும்னா எனக்கும் வை. இவனுக்கு மட்டும் வேணாம்.”

சித்தப்பா லயத்துக்குள் நுழையும்போதே ஹோர்ன் அடித்துக்கொண்டு நுழைந்தார். வண்டி மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. “அண்ணே, ஒரு சகுனமும் இல்ல. அக்கா வச்ச பொட்டு மழையில நனைஞ்சு மிஸ் அடிச்சிருக்கு. தொடைச்சாச்சு.”

அப்பா நெடுநேரம் யோசித்தார். திருநீறால் ஒரு வண்டி நிற்கும் என்பதை அவரால் சுலபத்தில் விழுங்க முடியவில்லை.

“சரி. வர்ற ஞாயித்துக்கிழமை போவோம். போய்ச் சேந்துட்டா அங்கயே கை நனைச்சிட்டு வந்துர்றது. நீ சொன்ன மாதிரி தொடைச்ச பிறகும் நின்னுச்சுன்னா, அப்புறம் இந்தப் பேச்சை யாரும் என்கிட்ட எடுக்கக்கூடாது.”

“நிக்காது அண்ணே. நின்னா என் பேரை மாத்திக்கிறேன்.”

அத்தை உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குக் கிளம்பினாள். தண்ணீர் விழுகிற இடத்துக்கு என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். குடம் நிறைந்து வழிந்து ஓடியது. அதைக் கவனிக்காமல் என் கதையைக் கேட்டாள். நான் பாஸ் மாதிரித் தொப்பையைத் தள்ளி நடந்து காட்டினேன். திருப்புளிக்குப் பதில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு பிளக்குகளின் வாயைப் பொத்திக் காட்டினேன். கம்பளிக்குள் நீல நூல் இறங்கியதை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

“காஞ்சிருந்தா ஓடுமா?”

“காஞ்சிருந்தா ஒண்ணும் ஆகாதாம். ஈரம் பட்டாத்தான்.”

“மேல மட்டும் வச்சா போதுமா, அடி வரைக்கும் இருக்கணுமா?”

“தலையிலருந்து இரும்பு வரைக்கும் இருக்கணும் அத்தை. நடுவுல விட்டுப்போனா கரண்டு எறங்காது.”

“எப்பா, எவ்வளவு ஞாபகம். பள்ளிக்கூடத்துல இப்படிப் படிச்சா என்ன” என்று கன்னத்தைக் கிள்ளினாள். என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக என் பேச்சைக் கேட்ட ஆள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எனக்குக் கதை சொல்லும் வித்தை வாய்த்திருக்கிறது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இன்றைக்கும் சேக்காளிகளுக்கு நடுவில் நான் ஓயாமல் பேசுவதற்கு அத்தைதான் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்து வெளியே வந்தபோது அத்தை குளித்துவிட்டு, திருநீற்றுத் தட்டோடு வண்டியருகில் நின்றிருந்தாள். இஞ்சின் மூடியின் கொக்கி அவளுக்குப் பிடிபடவில்லை. நானே திறந்துவிட்டேன். அவள் திருநீறைக் கெட்டியாகக் குழைத்து, நாலு பிளக்குக்கும் தலையிலிருந்து அடி வரைக்கும் பூசினாள். ஒரு இடம் விடவில்லை.

“அத்தை, பாஸ் வைக்கக்கூடாதுன்னாரு.”

“அது பழைய திருநீறுடா. இது நேத்து கோயில்ல வாங்கினது.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. வீட்டுத் திருநீறு எப்படியோ, கோயில் திருநீறு கரண்டைக் கடத்துகிற வேலையெல்லாம் செய்யாது.

“சித்தப்பாகிட்ட சொல்லாத. சாமி காரியம், வெளிய சொன்னா பலிக்காது” என்று ஒரு வாழைப்பழத்தை உரித்து என் கையில் கொடுத்தாள்.

கிளப்பும்போது வண்டி கொஞ்சம் திணறியது. குளிருக்கு அப்படித்தான் என்றார் சித்தப்பா. இஞ்சின் சூடானதும் சரியாகிவிட்டது. தலவாக்கலை வரைக்கும் அவர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அப்பா மடியில் இந்த முறை வாழைப்பழச் சீப்புகளும் வெற்றிலைத் தட்டும் இருந்தன. ஏற்றம் தொடங்கியது. பனி வந்தது. தூறல் வந்தது. சித்தப்பா பாட்டை நிறுத்திவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து இஞ்சின் சத்தத்தைக் கேட்டார். முனியாண்டி கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் குலுங்கியது. முனியாண்டி முன்னால் நின்றது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“இருங்க அண்ணே, இப்ப பாக்குறேன்” என்று சித்தப்பா குதித்து இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். மூடியைத் திறந்தார். நாலு பிளக்கும் வெள்ளை வெளேரென்று ஈரத்தில் பளபளத்தன. நடுவில் இருந்த இரண்டிலும் தண்ணீர் கீலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

சித்தப்பா துணியை எடுத்த கையை அப்படியே நிறுத்தினார். குனிந்து நன்றாகப் பார்த்தார். தலையிலிருந்து அடிவரைக்கும் பூசியிருந்ததைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் ஒன்றைத் தொட்டார். சூடு பட்டிருக்கும், விரலை இழுக்கவில்லை. பனிக்குள்ளே வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னடா தெரியுது?” என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார்.

சித்தப்பா விரலில் இருந்த திருநீறைத் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டார்.

“ஒண்ணும் தெரியல அண்ணே. எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணெதிரே இருக்கிறது. வாரம் முழுவதும் கடைத்தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் சொன்ன வைத்தியத்தை மனிதர் மறந்துவிட்டார். “சித்தப்பா, பிளக்குல” என்று நான் தொடங்கினேன். அவர் ஜன்னலுக்குள் கையை விட்டு, அப்பா மடியிலிருந்த சீப்பில் ஒரு பழத்தைப் பிய்த்து என் வாயில் திணித்தார். நான் மென்று விழுங்குவதற்குள் அப்பா இறங்கிவந்து முனியாண்டியைக் கும்பிட்டார்.

“போதும். மூணு தடவை சொல்லிட்டாரு. இதுக்கு மேல போனா அது நம்ம திமிரு. திருப்பு.”

“நீங்க சொன்னா சரி அண்ணே.”

அப்பா ஏறி உட்கார்ந்தபிறகு சித்தப்பா அந்தத் துணியால் நாலு பிளக்கையும் நன்றாகத் துடைத்தார். மூடியை மூடினார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. வழியெல்லாம் ஒரு விக்கல் இல்லை.

“பாத்தியா” என்றார் அப்பா, சந்தோஷமும் பயமுமாக. “திரும்பினதும் எப்படி ஓடுது பாத்தியா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.”

“ஆமா அண்ணே” என்றார் சித்தப்பா. நின்றால் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னவரை அப்பா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. துடைத்தது துடைத்தார், கொஞ்சம் முன்னாலேயே துடைத்திருந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கே போயிருக்கலாம். அங்கே எனக்குப் பலகாரம் காத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு மறதிக்காரனை நம்பி முதலாளி எப்படி வண்டியைக் கொடுக்கிறார் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தேன்.

இப்போது நானும் ஒரு பிக்கப்தான் ஓட்டுகிறேன். அத்தை றொசல்லப் பக்கம் புருஷன், பிள்ளைகளோடு இருக்கிறாள். அவளே பார்த்துச் சரி என்று சொன்ன மாப்பிள்ளை. சொந்தப் பல். அந்த வழியாகப் போனால் வண்டியை நிறுத்துவேன். அத்தை இஞ்சின் மூடியைத் தட்டி, “மழையில மிஸ் அடிக்காம ஓடுதா” என்று கேட்பாள். “நீங்க கிட்ட வராம இருந்தா ஓடும்” என்பேன்.

அன்றைக்கு நாங்கள் லயத்துக்குத் திரும்பியபோது வெயில் வந்திருந்தது. அத்தை வாசலில் நின்றிருந்தாள். அப்பா இறங்கி, “நமக்கு அந்த எடம் வேணாம். சாமிக்கு இஷ்டமில்ல” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அம்மா வாழைப்பழங்களை எண்ணி, இரண்டு குறைகிறதே என்று என்னைப் பார்த்தாள்.  அத்தை சித்தப்பாவின் நெற்றியில் இருந்த திருநீற்றுக் கீற்றை மட்டும் பார்த்தாள். அவர் வண்டியில் சாய்ந்துகொண்டு சும்மா நின்றார். 

அத்தை உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் முதல் கோப்பை எப்போதும் அப்பாவுக்கு. அதில் தப்பு நடந்ததே இல்லை. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். அத்தை அவரைத் தாண்டிப் போய், முதல் கோப்பையைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள்.

பாவம், கல்யாணம் நின்றுபோன கவலையில் அத்தைக்கு ஆள் மாறிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.